மச்சான் பிடிக்கும் கயிறு

நூம்பல்
4-7-1988

நாகேந்திரனுக்கு,

உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் என் நாக்கு அழுகிப் போகட்டும் என்று சுடுகாட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. ஒரே குடிதண்ணீர் டிப்போவில், கூப்பிடு தூரத்தில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன். சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேறு டிப்போவில் வால்வு குழியில் இறங்கி ஒருவன் விஷக்காற்றில் மயங்கி, அவனைத் தூக்கப் போனவன் மயங்கி, அவனைத் தூக்கப் போனவனும் செத்த பிறகுதான் நம் மேலதிகாரிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. சரி, வரட்டும். அம்பத்தூரிலிருந்து அந்த ஹில்டா மேடம் வருகிறார், சொல்லிக் கொடுக்கிறார். இனிமேல் ஒருவன் இறங்கினால் ஒருவன் மேலே நின்று கயிறு பிடிக்க வேண்டும், ஜோடி மாறக் கூடாது என்றார். அதுவும் சரி. இந்த வீராசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"கெணறு தோண்டறப்போ மச்சான்காரன்தான் மேடம் கவுறு புடிப்பான். அவன் கைய உட்டான்னா அவன் தங்கச்சி தாலில்ல அறுந்துபூடும். அதனால உடமாட்டான்" என்றான்.

மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே மச்சான் மாப்பிள்ளை யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். அறை மொத்தமும் திரும்பி நம் இரண்டு பேரையும் பார்த்தது. அவருக்கு என்ன தெரியும், போர்டில் நம் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டார்.

என் தங்கச்சி வடிவு போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தங்கச்சியே இல்லாதவன் யாருடைய தாலிக்காகக் கயிறு பிடிப்பது? மஞ்சள் காமாலையில் கிடந்தவளைப் போட்டுவிட்டு ஊருக்குத் தண்ணீர் விடப் போனவன் நீ. நீயே மேடத்திடம் போய் வேறு ஆளைக் கேட்டு வாங்கிக்கொள். நான் போனால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தால் அது உனக்குத்தான் அசிங்கம்.

பரந்தாமன்


பாடி
9-7-1988

மச்சான் அவர்களுக்கு,

நாகேந்திரன் வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முகவரியில் என் அப்பா பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் நல்லவர் என்பதால் வந்து சேர்ந்தது.

நீங்கள் உத்தரவு போட்டபடி நான் மேடத்திடம் போனேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, ஜோடியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். எதனால் பேச்சு இல்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாகேந்திரன், இந்த டிப்போல யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகலை. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பீங்க. கயிறு பிடிக்க பாசம் வேண்டாம், கவனம் போதும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உங்களிடம் பாசத்தை எதிர்பார்க்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. கவனமாவது இருக்குமா என்பதுதான் கேள்வி. மூத்தவர் நீங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே போய்ப் பேசுங்கள். அவரோடு பேசக் கூடாது என்று நீங்கள் சபதம் எதுவும் செய்யவில்லையே.

இன்னொன்று. டீ வந்ததும் நான் பக்கத்தில் நிற்கும்போதே "வீராசாமி, அந்தாளாண்ட கிளாஸைக் குடு" என்கிறீர்கள். அவனும் உங்கள் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுக்கிறான். டீ ஆறிப்போகிறது. நானே எடுத்துக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்.

தங்கள்
நாகேந்திரன்


நூம்பல்
18-7-1988

நாகேந்திரனுக்கு,

என்னை மச்சான் என்று எழுதாதே. அந்த முறை வடிவு வழியாக வந்தது, அவளோடு போய்விட்டது.

சனிக்கிழமை ஒத்திகைக் குழியில் நடந்த கூத்தை நினைத்தால் இன்னும் உடம்பு எரிகிறது. மேடம் என்ன சொல்லிக் கொடுத்தார்? கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நலம், இரண்டு தரம் இழுத்தால் கயிற்றைத் தளர்த்து, மூன்று தரம் இழுத்தால் உடனே தூக்கு. எல்லாப் பயல்களும் கயிற்றை மறந்துவிட்டுக் குழிக்குள் தலையை விட்டு, இன்னாடா ஆச்சி, மேல வர்றியா என்று சந்தைக்கடை மாதிரி கத்தினார்கள். நம் முறை வந்தது. நீ இறங்கினாய். நான் பிடித்தேன். நீ இழுத்தாய், நான் தளர்த்தினேன். நீ மூன்று இழுத்தாய், நான் கப்பியின் கைப்பிடியைச் சுற்றித் தூக்கினேன். வேலை முடிந்தது. அதற்கு அந்த அம்மா என்ன சொன்னார்?

"இவங்க ரெண்டு பேரையும் பாருங்க. ஒரு வார்த்தை வீணா பேசலை. இதுதான் ஜோடி."

வீராசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. எனக்குக் குழிக்குள் குதிக்கலாம் போலிருந்தது. நாம் பேசாததற்குக் காரணம் ஒரு சாவு. அதற்குப் போய்க் கைதட்டினார்கள். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு வணக்கம் போட்டாய்.

நான் மேடத்திடம் போகவில்லை. போய் நின்றால் எனக்குத்தான் உன்மேல் பயம் என்று ஆகும். கயிறு பிடிக்கிறேன். வேலை என்பதால் பிடிக்கிறேன். உன் உயிர் எனக்கு வெல்லக்கட்டி என்று நினைத்துக்கொண்டு இறங்காதே.

பரந்தாமன்


பாடி
25-7-1988

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

முறை சொல்லி அழைக்க வேண்டாம் என்றீர்கள். இனி மரியாதையோடு அந்நியனாகவே எழுதுகிறேன்.

கைதட்டு வாங்கியதை மட்டும் எழுதினீர்கள். அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிட்டீர்கள். மேடம் அடுத்த பாடம் நடத்தினாரே, அதில்தானே நமக்குத் தகராறு. மயங்கி விழுந்தவனுக்குக் கயிற்றை இழுக்கக் கை வராது. அதனால் மேலே நிற்பவன் அடிக்கடி பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கீழே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும், குரல் வராத அந்த நிமிஷமே தூக்க வேண்டும் என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள்? மேடம் அந்தப் பக்கம் திரும்பியதும் வீராசாமியின் விலாவில் இடித்தீர்கள். அவன்தான் "நாகேந்திரா, நாகேந்திரா" என்று உங்களுக்குப் பதிலாகக் கூப்பிட்டான். குழிக்குள் இருந்தாலும் எந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பாடி சந்திப்பில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மூடியைத் திறந்து நிற்கும்போது வீராசாமி இருப்பானா? அவன் கொடி பிடித்து வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருப்பான். குழியருகே நீங்களும் நானும்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே மேலே நிற்பவனுக்கு வாய் இருந்தால்தான் கீழே இருப்பவன் பிழைப்பான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா முடியாதா, எழுதித் தெரிவியுங்கள். முடியாது என்றால் கயிற்றைக் கீழே வையுங்கள். உங்கள் சபதத்துக்காக நான் சாகத் தயாராக இல்லை.

கூப்பிடுவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். நான் அவளைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். பூந்தமல்லி ரோட்டில் மெயின் குழாய் உடைந்து, போ போ என்று அவள்தான் அனுப்பினாள். கீழாநெல்லி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துதான் இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்கு முடியாமல் போனபோது பால்காரம்மா தாயம்மாவிடம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினாளா இல்லையா? அண்ணனை ஒரு நடை வரச் சொல்லு என்றாளா இல்லையா? மனை அளக்க ஆள் வருகிறான், நாளைக்கு வருகிறேன் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அவள் கூப்பிட்டபோது என் காதில் விழவில்லை, நான் குழிக்குள் இருந்தேன். உங்கள் காதில் விழுந்தது.

நாகேந்திரன்


நூம்பல்
1-8-1988

டேய்,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி வேம்புலியம்மாள் அடுப்பில் போட்டுவிடு என்றாள். போடவில்லை. வைத்திருக்கிறேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது எப்படி என்று உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தாயம்மா வந்து சொன்னாள். ஆமாம். அதற்கு முன்னால் வடிவு அப்படி எத்தனை தரம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் தெரியுமா? நீ பாத்திரத்தை விட்டெறிந்தாய் என்று ஒரு தரம், நீ அவளோடு பேசவில்லை என்று ஒரு தரம். ஒவ்வொரு தரமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நூம்பலிலிருந்து பாடிக்கு வந்து நின்றால் நீயும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பீர்கள். நான் கேணையன் மாதிரி மோர் குடித்துவிட்டுத் திரும்புவேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். யார் நினைக்க வைத்தது? நீதான். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நீ ஒரு வரி எழுதினால் பதில் கடுதாசியில் வராது.

கயிறு விஷயம். உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். எரிகிற சிதையின் முன்னால் சொன்ன வார்த்தை, காற்றில் போகிற பேச்சு இல்லை. ஆனால் நீ செத்தால் பழி என் தலையில் விழும், அதுவும் எனக்கு வேண்டாம். ஒரு வழி வைத்திருக்கிறேன். நான் மேலே இருந்து ஸ்பேனரால் குழி மூடியின் சட்டத்தைத் தட்டுவேன். நீ கீழே கையில் இருக்கிற ஸ்பேனரால் குழாயைத் தட்டு. நான் தட்டி நீ தட்டினால் உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். நீ தட்டாவிட்டால் தூக்கிவிடுகிறேன். மேடம் கேட்டதும் இதுதானே? குரலாக இருந்தால் என்ன, இரும்பாக இருந்தால் என்ன?

பரந்தாமன்


பாடி
8-8-1988

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

தட்டுகிறேன். நேற்று முகப்பேர் பக்கம் இறங்கியபோது தட்டியும் காட்டினேன். நன்றாகத்தான் கேட்டது.

மேடத்திடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். குரல் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமல் நானே சமைத்து நானே தின்றுவிட்டு வேலைக்கு வருகிறவன். நீங்கள் எழுதிய அந்த மோரை நினைத்தேன். உங்களுக்கு என்று கொத்தமல்லி கிள்ளிப் போட்டு வைப்பாள். எனக்குப் போட மாட்டாள்.

இத்துடன் நம் கடிதப் போக்குவரத்து முடிந்தது.

நாகேந்திரன்


ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
19-9-1988

பரந்தாமன் அவர்களுக்கு,

முடிந்தது என்று எழுதிய நானே மறுபடி எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். பாடி சந்திப்பு குழி. மூடியைத் திறந்து வெகு நேரம் ஆறப் போட்டோம். விளக்கை இறக்கிப் பார்த்தோம், சுடர் ஆடாமல் நின்றது. இறங்கினேன். அடியில் முழங்கால் அளவு சேறு. வால்வு இறுகிக் கிடந்ததால் காலை ஊன்றி ஊன்றித் திருகினேன். பாதி மூடியிருப்பேன். அழுகின முட்டை நாற்றம் ஒரு வீச்சு வந்தது. அப்புறம் நாற்றமே இல்லை. கண் விழித்தால் இந்தக் கட்டில்.

மேடம் வந்து பார்த்தார். சேற்றுக்குள் அடைந்து கிடந்த விஷக்காற்று காலால் கலக்கியதும் கிளம்பியிருக்கிறது என்றார். விளக்கைப் பார்த்ததோடு நிறுத்தியிருக்கக் கூடாது, சேற்றைக் கம்பால் கிளறிவிட்டுக் காத்திருந்து மறுபடி பார்த்திருக்க வேண்டும், அதைப் பாடத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார். நாற்றம் நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லையாம், மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தமாம்.

அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். டீக்கடை பொன்னம்மாள் என் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்: "உங்க அண்ணன் உள்ள கெடக்கான், அவன் மச்சான்காரன் மேல நின்னுகினு கீறான். எறங்கப் போனவங்களையும் கால்ல ஒதைச்சு தள்றான். சாவட்டும்னு பாத்துகினு இருந்தான்." என் தம்பி நூம்பலுக்கு ஆள் திரட்டிக்கொண்டு வரக் கிளம்பினான். நான்தான் இரு, முதலில் கடிதம் போட்டுக் கேட்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மயங்கின பிறகு நான் தட்டியிருக்க முடியாது. நான் தட்டாவிட்டால் உடனே தூக்குவதாக எழுதியது நீங்கள். டாக்டர் சொல்கிறார், உடனே தூக்கியிருந்தால் நுரையீரலுக்கு இவ்வளவு ஆகியிருக்காது என்று. மேலே நின்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

நாகேந்திரன்


நூம்பல்
27-9-1988

நாகேந்திரனுக்கு,

உன் தம்பியை வரச் சொல். நான் வீட்டில்தான் இருக்கிறேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை, வேம்புலியம்மாள்தான் சோறு ஊட்டுகிறாள். இதைப் பக்கத்து வீட்டுப் பையன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். சில வார்த்தைகளை எழுத மறுக்கிறான், அவற்றை நீயே சேர்த்துக்கொள்.

நான் தட்டினேன். பதில் தட்டு வந்தது. இன்னொரு தரம் தட்டினேன். பதில் வந்தது. மூன்றாம் தரமும் வந்தது. டொக், டொக் என்று குழாயிலிருந்து தெளிவாக வந்தது. சரி, பயல் வேலை செய்கிறான் என்று நான் லாரிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் தட்டாமலே டொக் என்று கேட்டது. நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. நிற்காமல் கேட்டது. அப்போதுதான் லாரிக்காரனை விட்டுவிட்டுக் குழிப் பக்கம் திரும்பினேன்.

வால்வைப் பாதி மூடினால் உள்ளே தண்ணீர் மோதிக் குழாய் தானாக இடிக்கும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷமாகக் குழாயோடு குடித்தனம் பண்ணுகிற எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் உன் தட்டுக்காகக் காது வைத்திருந்தேன், அதனால் இரும்பு இடித்ததெல்லாம் உன் தட்டாகவே கேட்டது. குழாய் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நீ சேற்றில் சாய்ந்து கிடந்திருக்கிறாய்.

கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் எழுதச் சொல்கிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. "மாப்ளே, கொரல் குடுய்யா, மாப்ளே" என்று கூப்பிட்டேன். பாடி சந்திப்பில் பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வரவில்லை. கப்பியைச் சுற்றினேன், சேற்றில் சிக்கி நகரவில்லை. கப்பியை விட்டுவிட்டுக் கயிற்றைக் கையால் பிடித்தேன்.

இப்போது உன் தம்பிக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கூட்டம் கூடிவிட்டது. இறங்குய்யா, பார்த்துகினு நிற்கிறியே, நீ மனுசனா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எனக்கு இறங்க வேண்டும் போல இல்லை என்றா நினைக்கிறாய்? ஒரு கால் ஏணியில் இருந்தது. அந்தக் காலை எடுத்து மேலே வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்துவிட்டது. இறங்கினால் இரண்டு பிணம், இறங்கினவனைத் தூக்கப் போனால் மூன்று பிணம் என்று அந்த அம்மா நம்மைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாரே, அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் இழுத்தேன். இரண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள். உதைத்தேன். ஒருவனுக்கு முன்பல் ஆடுகிறதாம், ஆடட்டும். அவன் பெண்டாட்டி எனக்கு நன்றி சொல்ல வேண்டும். வீராசாமி கொடியைப் போட்டுவிட்டு ஓடி வந்து பின்னால் பிடித்த பிறகுதான் நீ அசைந்தாய்.

அன்றைக்கு வடிவு கூப்பிட்டதைப் பற்றி நீ எழுதியதற்கு இன்னும் நான் நேரான பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதை என்னோடேயே வைத்துக்கொள்கிறேன்.

இனி தட்டுவது கிடையாது. அது என் யோசனை, அதனால் நானே நிறுத்துகிறேன். தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன். இன்னும் அழுகவில்லை.

பரந்தாமன்


பாடி
4-10-1988

பரந்தாமன் அவர்களுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். வீராசாமி வந்து சொன்னதால் அல்ல. அந்தக் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட என்னிடம் நல்ல பேர் வாங்க நீங்கள் பார்க்கவில்லை, அதனால் நம்புகிறேன். என் தம்பியிடம் பேசிவிட்டேன். அவன் வர மாட்டான். பொன்னம்மாள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் கண்டதைப் பொய் என்கிறாயா என்று கேட்கிறாள். பயிற்சி இல்லாதவர்களுக்கு நீங்கள் செய்தது கொலை மாதிரிதான் தெரியும் என்று மேடம் சொன்னார். அடுத்த வகுப்பில் உங்களை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லப் போகிறாராம். தப்பித்துக்கொள்ளும் வழியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் உங்கள்மேல் எனக்கு மனசு இளகிவிட்டது என்று எண்ண வேண்டாம். முதலிலேயே வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தால் நான் இன்றைக்கு முழு மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். தட்டுகிறேன் என்று நானும் தலையாட்டினேன், அந்தப் பங்கு எனக்கும் உண்டு. மீதி உங்களுடையது. அது மறக்கிற விஷயமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் செத்திருந்தால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வடிவு தாலிக்காக என்றால் வடிவு இல்லை. பழிக்குப் பயந்து என்றால், நீங்கள் இழுத்தும் பழி வந்துதான் சேர்ந்தது. பிறகு ஏன் தோல் உரிகிற வரைக்கும் இழுத்தீர்கள்?

டாக்டர் விட்டதும் வேலைக்கு வருவேன். குழியில் இறங்க விட மாட்டார்களாம். இனிமேல் நான் மேலே நிற்கிற ஆள்.

நாகேந்திரன்


நூம்பல்
10-10-1988

மாப்பிள்ளை நாகேந்திரனுக்கு,

ஒரு தரம் வாயில் வந்துவிட்டது, இனி மாற்றி எழுதுவானேன்.

ஏன் இழுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். இழுத்தபோது ஒன்றும் யோசிக்கவில்லை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தபோது யோசித்தேன். நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? வடிவைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்காக என்னைத் திட்டுகிறவன் நீ ஒருவன்தான், நான் திட்டுவதற்கும் நீ ஒருவன்தான். மோரில் கொத்தமல்லி போட்டது எனக்கு மட்டும் என்று நீ எழுதித்தான் எனக்கே தெரிந்தது. உனக்கும் போடுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு அவளுக்குத் தலைத் திவசம், இங்கே நூம்பலில். படையலில் அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்கிறாள் வேம்புலியம்மாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னோடு இருந்த வருஷங்களில் என்ன பிடித்துத் தின்றாள் என்று தெரியாது. அதைக் கொண்டு வா. அதற்காகத்தான் வரச் சொல்கிறேன். சமாதானம் என்று யாராவது சொன்னால் பல்லை உடைப்பேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

நீ தெருமுனை வரைக்கும் வந்து பிள்ளையார் கோயிலோடு நின்றுகொள்வாய் என்று எனக்குத் தெரியும். இலை போட்டதும் வாசலில் வந்து உன்னைக் கூப்பிடுவேன். வீராசாமியை விட்டுக் கூப்பிட மாட்டேன், எதையும் தட்ட மாட்டேன், நானே கூப்பிடுவேன். நீ குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் வந்து இழுத்துக்கொண்டு போவேன். கை ஆறிவிட்டது.

பரந்தாமன்